பக்கத்துக் கோலிக்குக் கேட்கும்: தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தாராவி கிராஸ் ரோடு பக்கம் ஒரு சால். பத்துக்குப் பன்னிரண்டு கோலியில், அதாவது ஒரே அறையில், நாங்கள் ஆறு பேர். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், எட்டு மணிக்குள் நின்றுவிடும். பைப்பில் வேகம் இல்லையென்று அப்பா ஒரு சின்ன மோட்டார் வாங்கி மாட்டியிருந்தார். எங்கள் குடும்ப ஜெபமும் அந்த நேரத்தில்தான். ஒரு பக்கம் மோட்டார் ஓடும், இன்னொரு பக்கம் அம்மா பாமாலைப் புத்தகத்தை விரித்துப் பாட்டு எடுப்பாள். நாங்கள் தூக்கக் கலக்கத்தோடு கூடப் பாடுவோம்.

பக்கத்துக் கோலியில் ஒரு மராத்தி மௌஷி. ஒரு நாள் கக்கூஸ் வரிசையில் நிற்கும்போது என்னிடம் சொன்னாள்: "உங்க வீட்டுப் பாட்டு கேக்க நல்லா இருக்கு பேட்டா. ஆனா நீங்க பாட ஆரம்பிச்சா எங்க பைப்புல தண்ணி நின்னு போகுது."

அவள் குரலில் கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தோல் ஷாப் வேலை முடிந்து அப்பா வந்ததும் இரண்டு பேரும் மெல்லிய குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மோட்டார் பரணுக்குப் போய்விட்டது. மாதக்கணக்கில் எங்கள் டிரம் முக்கால்தான் நிறைந்தது.

போன மாதம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை ஒருத்தியாவும் திங்கக்கிழமை இன்னொருத்தியாவும் இருக்கேன். ஆராதனையில நிக்கவே கூச்சமா இருக்கு. என்ன செய்யட்டும்?" என்றாள். எனக்கு உடனே அந்தப் பைப்புதான் ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னதையும், சயன் ஸ்டேஷனில் அவளுக்கு ரயில் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நாம் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் 'மாயக்காரர்' என்று இருக்கிறது. 1995ல் வந்த திருவிவிலியத்தில் அதையே 'வெளிவேடக்காரர்' என்று போட்டிருக்கிறார்கள். மூலமான கிரேக்க வார்த்தைக்கு மேடையில் முகமூடி போட்டு நடிக்கிறவன் என்று அர்த்தம். இயேசு இந்த வார்த்தையைச் சாமி இல்லையென்று சொன்ன யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கைப் பிரித்து வைத்த பக்திமான்களைப் பார்த்துத்தான் சொன்னார். மத்தேயு 23ஆம் அதிகாரத்தை ஒரு தடவை உட்கார்ந்து முழுசாக வாசி. வாசிக்கும்போது யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். உனக்கென்று வாசி.

ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றும் இயேசு சொல்கிறார். ஒரே ஒரு கோலியில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரோடும் இருக்கிறவள் எந்த அறைக்குப் போவாள்? என் அம்மா கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். எல்லோரும் தூங்கின பிறகு அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். முந்தானைதான் அவளுக்குக் கதவு. ஒரு சத்தம் வராது. அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீயும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாவது யாருக்கும் தெரியாத ஜெபம் ஒன்று வைத்துக்கொள். அதைப் பற்றிச் சாட்சி சொல்லாதே, ஸ்டேட்டஸ் போடாதே, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதே. நாலு பேர் கேட்க ஜெபிக்கும்போது நமக்கு வருகிற அந்தச் சொல்லழகு தனியாக இருக்கும்போதும் வருகிறதா என்று பார். வராவிட்டால் பயப்படாதே. வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தாலும் அது ஜெபம்தான்.

கதவைத் திறந்து வைக்க வேண்டிய இடமும் உண்டு. பண்டித ரமாபாய் 1889 மார்ச்சில் இதே பம்பாயில் சௌபாத்தியில் சாரதா சதன் ஆரம்பித்தார். விதவைப் பெண்களுக்கான பள்ளிக்கூடம் அது. அவர் கிறிஸ்தவர், படிக்க வந்தவர்கள் உயர்சாதி இந்துப் பெண்கள். யாரையும் மதம் மாற்ற மாட்டேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. பள்ளி புனேவுக்குப் போன பிறகும் தன் அறையில் மகளோடு ஜெபிக்கும்போது கதவைச் சாத்தவில்லை. வா என்று யாரையும் கூப்பிட்டதும் இல்லை. சில பெண்கள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள். அதனால் 1893ல் பெரிய பிரச்சினை எழுந்து, பெற்றோர் பலர் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதும் அவர் தன் விசுவாசத்தை மறைக்கவில்லை. மூன்று நாலு வருடத்தில் மத்திய இந்தியாவில் பஞ்சம் வந்தபோது அங்கே போய், சாகக் கிடந்த சிறுமிகளையும் பெண்களையும் நூற்றுக்கணக்கில் கேட்காவுக்குக் கூட்டிவந்து சோறு போட்டார். பிரசங்கம் பண்ணுவதா, சும்மா இருப்பதா என்று குழம்புகிற தங்கச்சிகளுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். ஆபீசில் நீ கிறிஸ்தவள் என்று எல்லோருக்கும் தெரியட்டும். யாரையும் இழுக்காதே.

இனிப் பணம். இதில் என் ஆலோசனை ஒன்றே ஒன்று: சனிக்கிழமை ராத்திரி கணக்குப் பார். காணிக்கைக் கவருக்குள் நோட்டை வைக்கும் முன்னால் மளிகைக் கடைப் பாக்கி எவ்வளவு, தையல்காரிக்கு எவ்வளவு, சீட்டுப் பணம் கட்டியாயிற்றா என்று பார்த்துவிடு. பலிபீடத்தண்டை போன பிறகு சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர். தாராவியில் கடனுக்கு அரிசி கொடுத்த அண்ணாச்சி அதே ஆராதனையில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு நீ கேட்கும்போது அவர் மனதில் என்ன ஓடும்? ஏலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசில் சபை எத்தனையோ நல்ல காரியம் செய்கிறது. பாக்கி தீர்ந்த கையால் ஏலம் கேள்.

செம்பூர் லோகண்டே மார்க் பக்கம் பிளாட்டுக்கு வந்த பிறகு எனக்கு வந்த சோதனை வேறு. இங்கே டேங்க் தண்ணீர், நினைத்த நேரத்தில் வரும். கதவைச் சாத்தினால் நான் கத்துவது யாருக்கும் கேட்காது. சாலில் இருந்தபோது நம் ஜெபமும் சண்டையும் ஒரே சுவர் வழியாக ஒரே மௌஷிக்குப் போகும். அதனாலேயே பாதி நேரம் நாக்கை அடக்கினோம். பிளாட்டில் அந்தக் காவல் இல்லை. இங்கே நம்மை முழுசாகப் பார்க்கிற ஒரே வெளியாள் வீட்டு வேலைக்கு வருகிற பாய். ஆகவே உன் விசுவாசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் போதகரிடம் போகாதே, உன் பாயிடம் கேள். அவளுக்குத் தனி டம்ளரா? பழசான சாப்பாடுதானா? வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு ஓய்வு உண்டா? பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பார், உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. நாம் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போகிற நேரத்தில் அவள் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த ஓய்வுநாள் யாருடையது?

அடுத்துச் சொல்லப் போவது கசக்கும். சாதி.

1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், தனித்தனியாக உட்காருவதும் தனித்தனியாக நற்கருணை எடுப்பதும் கூடாது என்றார். அதை ஏற்க மாட்டோம் என்று வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அது முடிந்து இருநூறு வருடம் ஆகப் போகிறது. இன்றைக்கும் நம் கல்யாண விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. என்று எழுதி, கமா போட்டு, அடுத்த வார்த்தையாகச் சாதியை எழுதுகிறோம். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து ஒரே நாலா ஓரத்தில் குடிசை போட்ட ஜனங்கள் நாம். ஆனாலும் எந்தச் சந்து யாருடையது, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறவர்கள் யார், கமிட்டித் தேர்தலில் யார் யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான், ஆலயத்திலிருந்து திரும்பி வரும் வழியிலேயே.

வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த அசரியா ஐயரை நம் எல்லோருக்கும் தெரியும். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார் என்று ஓய்வுநாள் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக் கொடுப்போம். அதற்கு இரண்டு வருடம் முன்பு எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த அந்தச் சபையில் எழுந்து நின்று, நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். உதவி செய்கிறவர்கள் சரிசமமாகப் பழகத் தயங்கினார்கள் என்பதுதான் அவர் மனக்குறை. நம் ஊர்க்காரர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டதை, நம் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற அக்காள் நம்மிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இதற்கு டிப்ஸ் என்று கேட்டால் ஒன்று சொல்வேன். வருடத்துக்கு ஒரு தடவை அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவது நல்லதுதான், ஆனால் போதாது. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. உன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பரிமாறுவதைவிட அதுதான் நமக்குக் கஷ்டம், அதனால்தான் அதைச் சொல்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. உன் மகளுக்கு வரன் பார்க்கும்போது புரோக்கர் "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்பார். அந்த நிமிடம் நீ என்ன சொல்கிறாய் என்பதில் உன் இருபது வருட உபவாச ஜெபமும் இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தில் மட்டும் யாரையும் மாயக்காரி என்று சொல்ல உனக்கு நான் அனுமதி தர மாட்டேன். தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் சில குடும்பங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் இன்னொன்று. காரணம் 1950ல் வந்த பட்டியல் சாதியினர் ஆணை. பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்ததை 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் விரித்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. ஒரே சாலில், அதே தீண்டாமையை அனுபவித்த பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப் நம் சபைப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் பெற்ற குற்றத்தால் போய்விடுகிறது. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007லேயே இந்த மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2024 நவம்பரிலோ, ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்க்கொண்டே இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது அரசியலமைப்புக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய் பொய்தான், அதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துவின் பெயருக்காக எதையுமே இழக்காத நானும் நீயும் அந்தத் தாயைப் பார்த்து வேஷம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைக்கு வயது வந்ததும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லிவிடு, அது உன்னைப் பார்த்துப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளக் கூடாது. மற்றவர்களுக்குச் சொல்வது: அவள் பிள்ளையின் பீஸைச் சபை கட்ட முடியுமா என்று முதலில் கமிட்டியில் பேசுங்கள்.

காகிதம் என்றதும் தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுச் சர்வே ஞாபகம் வருகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்கும் மேல்மாடிக்காரர்களுக்கும் வெளியேதான். இந்த ஒரு தேதிக்காகப் பழைய கரண்ட் பில்லைத் திருத்தித் தருகிறேன் என்று ஆள் வருவார். மேலே வாடகைக்கு இருக்கிறவர்களை, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும். வருடக்கணக்கில் வாடகை வாங்கிவிட்டு அவர்களுக்கு ஒரு துண்டு ரசீது எழுதித் தராதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இந்த வாரமே எழுதிக் கொடு. உனக்கு வீடு வேண்டும் என்று உபவாசம் இருக்கிறாய், அந்த உபவாசத்தால் மேல்மாடிக்காரியின் பைப்பில் தண்ணீர் நிற்கக் கூடாது.

சின்னச் சின்னதாகச் சில. முழு இரவு ஜெபத்தில் ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பாதே. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கர் கூடாதென்று 2000ஆம் வருட விதியே இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் ஷிப்ட் முடிந்து வந்தவன் தூங்க வேண்டும். சாட்சி சொல்லும்போது காய்ச்சலைச் சாவு என்று பெரிதாக்காதே. கேட்டது கிடைக்காத வருடத்திலும் எழுந்து சாட்சி சொல், கிடைக்கவில்லை என்றே சொல். காலையில் வசனம் பார்வர்ட் பண்ணின அதே குரூப்பில் மத்தியானம் இன்னொருத்தியின் குடும்பக் கதையை அனுப்பாதே. அதைவிட மோசம், அதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அனுப்புவது.

பிள்ளையை அநியாயமாக அடித்துவிட்டால் அதே நாள் அதனிடம் மன்னிப்புக் கேள். மாமியார் முன்னால் அடித்திருந்தால் மாமியார் முன்னாலேயே கேள். முதல் தடவை தொண்டை அடைக்கும். என் மகனிடம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஜெபக் குறிப்பு எழுதும்போது யாருக்காக எழுதுகிறாய் என்று பார். நம் துண்டுச் சீட்டுகளில் பெரும்பாலும் நம் மகனுடைய வேலை, நம் முழங்கால் வலி, நம் வீட்டு லோன். தாராவியிலிருந்து மிட்டி நதியைத் தாண்டினால் பாந்த்ரா. அங்கே ஹோலி பேமிலி ஆஸ்பத்திரியில்தான் 2021 ஜூலை 5 அன்று பாதர் ஸ்டேன் சுவாமி இறந்தார். திருச்சிப் பக்கத்தில் பிறந்த தமிழர், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு. தன் மேல் போட்ட குற்றச்சாட்டுகளை மறுத்தார், ஜாமீனுக்குக் காத்திருக்கும்போதே உயிர் போனது. தலோஜா ஜெயிலில் 83 வயதில், பார்க்கின்சன் நோயால் டம்ளர் பிடிக்க முடியாமல் கை நடுங்கிய நிலையில், உறிஞ்சிக் குடிக்கும் கோப்பை கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஜெயிலிலிருந்து எழுதிய கடிதத்தில், தனக்குத் துணி துவைத்துக் கொடுத்து முழங்கால் பிடித்துவிட்ட ஏழைக் கைதிகளைப் பற்றிச் சொல்லி, அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து என் ஜெபக் குறிப்பில் முதல் இரண்டு பெயர் என் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சில வாரம் யோசித்தும் யார் பெயரும் வருவதில்லை. அந்த வாரம் நான் யாரையும் பார்க்கவே இல்லை என்று புரிந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. உன் குறையை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொள். சபைக்கு வெளியே இருக்கிறவளாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்தோத்திரம் சொல்லி அவள் வாயை அடைக்க முடியாது. எனக்கு அந்த மௌஷிதான். எழுபது தாண்டிவிட்டாள், இன்னும் அதே கோலியில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போவேன். போன தடவை போனபோது, வீட்டு வேலைக்கு வருகிற பாய்க்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். மௌஷி பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பைசா வெட்டினியா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமைக்கும் பிடித்திருந்தேன். மறுநாள் காலையில் பாய் வந்ததும் முதல் வேலையாக அதைக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, போன மாதத்துக்கும் பிடித்திருக்கிறீர்கள் என்றாள்.